கழுவுற மீனில் நழுவுற மீன்

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்குப் பக்கம். மழையை மட்டும் நம்பியிருக்கிற ஒரு கண்மாய் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிறையும். அறுப்பு முடிந்து வெயில் ஏறும்போது முழங்கால் தண்ணீருக்கு வற்றிவிடும். அப்போது ஊர் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். செய்தித்தாளில் அதை ‘மீன்பிடித் திருவிழா’ என்று போடுவார்கள். ஊரில் ‘கம்மா அழிக்கிறாங்க’ என்பதோடு சரி. பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் முழுக்க ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு உள்ளே இறங்கிவிடும். பிடித்த மீனை விற்கிற வழக்கம் கிடையாது. குழம்பு வைக்க வேண்டும், மிஞ்சினால் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே வாசம். அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அதற்கு முந்தைய மூன்று, நான்கு மணி நேரத்தைப் பற்றி. மீன் தண்ணீரைவிட்டு வெளியே வந்ததற்கும் சட்டியில் விழுவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது பற்றி. குறிப்பாகக் கெளுத்தி. விராலையும் கெண்டையையும் கழுவத் தெரிந்தவர்கள்கூடக் கெளுத்தி என்றால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவார்கள். ‘கழுவுற மீனில் நழுவுற மீன்’ என்று ஆளைத் திட்டுகிறோமே, அந்தப் பேச்சைக் கண்டுபிடித்தவர் மடியில் கட்டாயம் ஒரு கெளுத்தி இருந்திருக்க வேண்டும்.

எனக்கும் கெளுத்திக்கும் முதல் பழக்கம் அதன் முள்ளால்தான் வந்தது. பதினோரு வயது. ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த கூடை. சேற்றில் அமுக்கினால் உள்ளே மாட்டிய மீன் பக்கவாட்டில் முட்டும். மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். முட்டுகிற விதத்தை வைத்தே என்ன மீன் என்று சித்தப்பா சொல்லிவிடுவார். எனக்கு அந்த ஞானம் ஏது? விரால் என்று நினைத்து அமுக்கிப் பிடித்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஏறியது முள். வலி தோள்வரை போனது. போதாதென்று கையில் தொங்கிய மீன் ‘கிர்க் கிர்க்’ என்று சத்தம் வேறு போட்டது. பக்கத் துடுப்பின் முள்ளை அதன் குழியில் உரசி எழுப்புகிற சத்தம் அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது, குத்தியதும் அதுவே அழுவதும் அதுவே என்றுதான் தோன்றியது.

அப்பத்தா சட்டி நிறைய வெந்நீர் கொண்டுவந்து கையை முக்கச் சொன்னது. நான் அலறினேன். “சுடுறது போயிரும், கடுக்கிறது போகாது, வையிடா” என்று மணிக்கட்டைப் பிடித்து அமுக்கியது. அரை மணி நேரத்தில் வலி பாதியாகிவிட்டது. இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. கெளுத்தி முள்ளில் இருக்கும் விஷம் புரதம், சூட்டில் சிதையும். தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை முக்கி வைக்கச் சொல்லித்தான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. குத்துப்பட்ட கை மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாது. அதனால் நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே முக்க வேண்டும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலும், வீக்கம் ஏறினாலும் வெந்நீரோடு நிறுத்தாமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குக் குடிவந்த பிறகு, ஒரு சித்திரையில் ஊருக்குப் போய் நாலு கிலோ பிடித்தேன். கெளுத்தி பாதி, மிச்சம் ஜிலேபியும் குறவையும். எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு பையில் வைத்து, பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆறு மணி நேரப் பயணம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாக, “பாரு, துள்ளத் துடிக்கக் கொண்டாந்திருக்கேன்” என்றேன். அவள் பையை அவிழ்த்து ஒரு மீனை விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது, விழுந்த குழி அப்படியே நின்றது. “துடிச்சிருக்கும். எப்போ துடிச்சுதுன்னுதான் தெரியலை” என்றாள்.

அடுத்த வருஷம் உஷாராகி வேறு தப்புச் செய்தேன். அந்தத் தடவை தேளி மீன் ஏழெட்டுக் கிடைத்தது. மறுநாள் குழம்பு வைக்கலாம், அதுவரை உயிரோடு இருக்கட்டும் என்று பெரிய வாளியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மீனைப் போட்டேன். துள்ளி வெளியே விழக் கூடாதே என்று மேலே தாம்பாளத்தை வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தேன். விடிந்து பார்த்தால் எல்லாம் மல்லாந்து கிடக்கின்றன. அப்பத்தா சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டிருக்கும். “மீனைத் தண்ணிக்குள்ள முக்கிக் கொன்ன ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா அப்பு.”

உண்மையில் அதுதான் நடந்திருந்தது. தேளி காற்றையும் சுவாசிக்கிற மீன். அதன் செவுள் அறையிலிருந்து இரண்டு காற்றுப் பைகள் முதுகுச் சதைக்குள் நீளமாக வால் பக்கம் ஓடுகின்றன. வெட்டும்போது முதுகெலும்புக்குப் பக்கத்தில் குழாய் மாதிரி ஓட்டை தெரிகிறதே, அதுதான். சேற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு போகும். கண்மாய் வற்றி வெறும் சகதியான பிறகும் பிழைத்துக் கிடப்பது அதனால்தான். நான் தாம்பாளத்தை மூடி அந்த ஒரு வாய் காற்றையும் அடைத்துவிட்டேன். வாளித் தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் தாங்கும்?

சாதாரண நாட்டுக் கெளுத்தி இப்படி இல்லை. அதற்குச் செவுள் மட்டும்தான் நம்பிக்கை. மற்ற மீன்களைவிடக் கொஞ்சம் கெட்டி உயிர், அவ்வளவே. ‘கெளுத்தி நாள்கணக்கில் சாகாது’ என்று யாராவது சொன்னால் அவர்கள் தேளியைச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மீசை உண்டு, செதில் இல்லை. அதனால் வரும் குழப்பம். கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று. தேளிக்கு முதுகில் முள்ளே கிடையாது, பக்க முள் இரண்டுதான். ஆனால் அந்த இரண்டும் கெளுத்தியின் மூன்றைவிட மோசம். தேள் என்கிற பேர் சும்மா வரவில்லை.

இந்த இரண்டு தப்பையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மீனை ஒழுங்காக உயிரோடு வைத்திருக்க வேண்டும். முடியாது என்றால் பிடித்த இடத்திலேயே கொன்று ஐஸில் போட வேண்டும். இரண்டும் இல்லாமல் பைக்குள்ளும் சாக்குக்குள்ளும் கிடந்து மணிக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கிற மீனைத்தான் நாம் ‘துள்ளத் துடிக்க’ என்று கொண்டாடுகிறோம். துடிக்கத் துடிக்க மீன் தன் சதையில் இருக்கிற சத்தை எரித்துத் தீர்க்கிறது. சதையில் புளிப்பு ஏறுகிறது. செத்த பிறகு சீக்கிரம் விறைக்கிறது, சீக்கிரம் தளர்ந்தும் போகிறது. நாற்பது டிகிரி வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது. குடல் உள்ளே இருக்கும்வரை செரிமான நீர் வயிற்றுச் சதையையே அரித்துக்கொண்டிருக்கும். நாள்பட்ட மீனுக்கு வயிறு முதலில் கிழிவது அதனால்தான். என் மனைவி அமுக்கிய மீன் செத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைவிட, அது எவ்வளவு நேரம் செத்துக்கொண்டிருந்தது என்பதுதான் கேள்வி.

உயிரோடு வைப்பதென்றால் தேளிக்கு வாய் அகன்ற அண்டா நல்லது. அரை அண்டாவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், மீதி காற்றுக்கு. மேலே தட்டு கூடாது. வலைத்துணியைப் போட்டு விளிம்பைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் இரவில் ஏறிக் குதித்துத் தாழ்வாரத்தில் நெளிந்துகொண்டிருக்கும்; இருட்டில் மிதித்தால் வெந்நீர்ச் சட்டிதான். நிழலில் வைக்க வேண்டும். இரை எதுவும் போடக் கூடாது. ஒருவேளை போட்டால் அது சாணமாகி அதே தண்ணீரில்தான் கலக்கும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்திருந்து மாற்றுகிறேன். ஒன்றிரண்டு நாளில் குடல் காலியாகிவிடும், சேறும் வெளியேறிவிடும். மூன்று நாள் வைத்திருந்ததுதான் என் உச்சம். அதற்கு மேல் மீன் மெலியும், பிள்ளைகள் பேர் வைத்துவிடுவார்கள், பிறகு வெட்ட முடியாது.

இந்த இடத்தில் இன்னொரு மீசைக்காரனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சில கடைகளில் தொட்டியில் கறுப்பாக, முழங்கை நீளத்துக்கு நெளிந்துகொண்டிருக்கும். ‘உயிர் மீன்’ என்று கூவி விற்பார்கள். பெரும்பாலும் அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஏரியில் தப்பித்துவிட்டால் நம் அயிரை, கெண்டை, கெளுத்திக் குஞ்சு எதையும் விட்டுவைக்காது. இந்தியாவில் அதை வளர்ப்பதற்கு 2000-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. உயிரோடு இருப்பதாலேயே நல்ல மீன் என்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கண்மாயில் ஒன்று மாட்டினால் திருப்பி விடாதீர்கள்.

இப்போது கொல்வது. இதில் எனக்கும் அப்பத்தாவுக்கும் தீராத சண்டை. ஊர் வழக்கம் என்னவென்றால், உயிரோடு இருக்கிற கெளுத்தியைச் சட்டியில் கொட்டி, அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு மூடிவிடுவது. உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் அடங்கும். சிலர் சாம்பலுக்குப் பதில் கல்லுப்பைப் போடுவார்கள். “வழும்பு கழண்டுரும், சாவும் வந்துரும், ரெண்டு வேலை ஒண்ணா முடியும்” என்பது அப்பத்தாவின் கணக்கு. மீன்மேல் இருக்கிற கொழகொழப்பை அப்பத்தா ‘வழும்பு’ என்றுதான் சொல்லும். எனக்கு அதைவிட நல்ல சொல் இன்னும் கிடைக்கவில்லை.

கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத் தடதடப்பும் பஸ் பைக்குள் நடந்ததும் ஒன்றுதானே? அதோடு, எரிச்சலில் மீன் இன்னும் கொஞ்சம் வழும்பைக் கக்குகிறது. செதில் இல்லாத உடம்புக்கு அதுதான் சட்டை. ஆபத்து என்றால் சட்டையைத் தடிமனாக்கிக்கொள்கிறது. நான் செய்வது வேறு. ஈரச் சாக்குத் துணியால் மீனைத் தலைக்குப் பின்னால் அமுக்கிப் பிடித்து, கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மண்டையின் நடுவில் பூரிக்கட்டையால் ஓங்கி ஒரே அடி. தயங்கித் தயங்கி நாலு அடி அடிப்பது மீனுக்கும் பாவம், கைக்கும் ஆபத்து. அடித்ததும் செவுளை அறுத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நிமிஷம் தலைகீழாகப் பிடித்தால் ரத்தம் வடிந்துவிடும். சதை வெள்ளையாக வரும், கவுச்சியும் குறையும். அப்பத்தா இதைப் பார்த்துவிட்டு, “கசாப்புக் கடைக்காரன் பேரனா நீ?” என்று கேட்டது. மறுபடி சாம்பல் சட்டியைத் தேடிப் போனது. பூரிக்கட்டை விஷயத்தை மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் தெரியும்.

கழுவ உட்காருமுன் முள்ளை எடுத்துவிட வேண்டும். இதை யாரும் முதலில் செய்வதில்லை. எல்லாரும் பாதி கழுவும்போது குத்து வாங்கிக்கொண்டு அப்புறம் செய்கிறார்கள். செத்த மீனின் முள்ளும் குத்தும், கடுக்கும். முள்ளைக் கையால் மடக்கப் பார்க்காதீர்கள். அடியில் பூட்டு மாதிரி ஒரு அமைப்பு இருக்கிறது. நிமிர்ந்து நின்றுவிட்டால் தாழ்ப்பாள் போட்டதுபோல் நிற்கும், மடங்காது. ஒடிக்கப் போனால் பாதி கையோடு வரும். கரண்ட் வேலைக்கு வைத்திருக்கிற கட்டிங் பிளேயர் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அடியோடு சேர்த்து நறுக்கி, ஒரு தாளில் சுருட்டி, பூனையும் பிள்ளைகளும் தொடாத இடத்தில் போடுங்கள்.

அப்புறம் வழும்பு. கல்லுப்பு இரண்டு கை அள்ளி மேலே போட்டுப் புரட்டி ஐந்து நிமிஷம் விட்டால் வழும்பு வெள்ளையாகத் திரண்டு நூல் நூலாக வரும். பொடி உப்பு இதற்கு ஆகாது, கரைந்து ஓடிவிடும்; கல்லுப்பின் சொரசொரப்புத்தான் வேலை செய்கிறது. மண்சட்டியின் உள்பக்கம், அல்லது கொல்லைக் கருங்கல், ஏதோ ஒரு சொரசொரப்பான இடத்தில் வைத்துத் தலையிலிருந்து வாலுக்குத் தேய்க்க வேண்டும். அடிவயிறு பால் வெள்ளையாகும்வரை. அலசிவிட்டு மறுபடி. இரண்டாவது தடவைக்கு, குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கை நல்லது. தூக்கிப் போடுகிற பொருளுக்கு ஒரு கடைசி வேலை. தவிடு கிடைக்கிற ஊரில் தவிட்டைப் போட்டும் தேய்ப்பார்கள். அது வழும்பை உறிஞ்சிக்கொள்ளும். சாம்பலும் சாமான்யமில்லை. கொல்வதற்குத்தான் வேண்டாம் என்கிறேனே தவிர, செத்த மீனைத் தேய்க்க விறகுச் சாம்பலை மிஞ்ச எதுவும் கிடையாது. கோயம்புத்தூர் அடுக்குமாடியில் சாம்பலுக்கு எங்கே போவது?

வெந்நீரில் முக்கினால் சுலபம் என்று சிலர் செய்கிறார்கள். வழும்பு உடனே திரண்டு உரிந்து வரும், உண்மைதான். ஆனால் தண்ணீர் ஒரு பொட்டுச் சூடு கூடினாலும் தோல் வெந்து, தேய்க்கும்போது சதையோடு பிய்ந்துவிடும். ஒரு தடவை செய்து பார்த்து விட்டுவிட்டேன்.

வயிற்றைக் கிழிப்பதற்கு அரிவாள்மனையைவிடச் சின்னக் கத்திதான் எனக்குத் தோது. ஆசன வாயில் நுனியை வைத்துத் தொண்டைவரை, ஆழமாக இறக்காமல், தோலை மட்டும் தூக்கினாற்போல் கொண்டுபோக வேண்டும். காரணம் பித்தப்பை. ஈரலை ஒட்டிப் பச்சை நிறத்தில் சின்னதாக இருக்கும். அது உடைந்தால் தொட்ட இடமெல்லாம் கசக்கும். உடைந்துவிட்டால் பதறாமல் அந்த இடத்தை உடனே உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்; அப்படியும் கறை தெரிந்தால் அந்தத் துண்டை அறுத்துப் போடுவதே மேல். மழைக்காலத்தில் சினை இருக்கும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். குடலை வழித்த பிறகு எல்லாரும் முடிந்தது என்று நினைப்பார்கள். முடியவில்லை. முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் கரும் சிவப்பாக ஒரு கோடு ஓடும். அது மீனின் சிறுநீரகம். மேலே ஒரு ஜவ்வு மூடியிருக்கும். நகத்தாலோ கரண்டிக் காம்பாலோ கீறிச் சுரண்டி எடுக்க வேண்டும். ‘எவ்வளவு கழுவியும் கவுச்சி போகலை’ என்கிறவர்கள் வீட்டு மீனில் இது அப்படியே இருக்கும். செவுளையும் முழுசாகப் பிய்த்து எடுங்கள். கலங்கிய கண்மாய் மீன் என்றால் செவுளுக்குள் சேறு அப்பியிருக்கும். தலை வேண்டாம் என்பவர்கள் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கெளுத்தி மண்டைக்கு அப்பத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடக்கிற போட்டியை நான் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

துண்டு போடுமுன் கழுவி முடித்துவிட வேண்டும். வெட்டிய துண்டை மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறவிட்டால் ருசியும் சேர்ந்து போய்விடும்.

“ஏழு தண்ணி விட்டுக் கழுவணும்” என்பது அப்பத்தா வாக்கு. ஏழு தண்ணீர் விட்டும் சில மீனில் மண்வாசம் போவதில்லை. அதற்குக் கழுவினவர் மேல் பழி போடக் கூடாது. கடல் மீன் கெடும்போது வருகிற கவுச்சி, செத்த பிறகு பாக்டீரியா கிளப்பிவிடுவது. அதற்கு மூலமான பொருள் ஏரி, கண்மாய் மீன்களில் பொதுவாகக் குறைவு. மண்வாசம் வேறு கதை. தேங்கிய தண்ணீரில் வளர்கிற நீலப்பச்சைப் பாசியும் சேற்றில் இருக்கிற சில நுண்ணுயிரிகளும் ஜியோஸ்மின் என்று ஒரு பொருளை வெளியிடுகின்றன. மீன் உயிரோடு இருக்கும்போதே அது செவுள் வழியாக உள்ளே போய்க் கொழுப்பில் தங்கிவிடுகிறது. தோலில் இருப்பதைத்தான் தண்ணீரால் கழுவ முடியும், கொழுப்பில் இருப்பதை எப்படிக் கழுவுவது? கோடை மழையின் முதல் தூறலில் எழும்புகிறதே, அந்த மண் மணமும் இதே ஜியோஸ்மின்தான். 1965-ல் அதைப் பிரித்தெடுத்தவர்கள் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘பூமி மணம்’ என்கிற பொருளில் அந்தப் பேரை வைத்தார்கள். நம் மூக்கு இதில் அபாரமானது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் பத்துப் பங்கை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். மழையில் வந்தால் வாசலில் நின்று மூச்சை இழுக்கிறோம், தட்டில் வந்தால் தள்ளிவைக்கிறோம்.

இதற்கு வழி, உயிரோடு இருக்கும்போது நல்ல தண்ணீரில் வைப்பது. இரண்டு மூன்று நாளில் முழுசாகப் போய்விடாது, ஆனால் குறையும். வெட்டும்போது வயிற்றோரக் கொழுப்பையும், பெரிய மீன் என்றால் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் அறுத்து எடுத்துவிடலாம். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீனுக்குக் கழுத்தைச் சுற்றிக் கீறி, தோலையே பிளேயரால் பிடித்து வாலுக்கு இழுத்து உரித்துவிடலாம். கடைசி ஆயுதம் புளிப்பு. ஜியோஸ்மின் புளிப்பில் சிதைந்து வாசமில்லாத பொருளாகிவிடும். கண்மாய் மீனுக்குக் கெட்டிப் புளிக்குழம்பு என்று முடிவு செய்தவர்கள் வேதியியல் படிக்கவில்லை. தட்டில் மிஞ்சியதையும் மிஞ்சாததையும் பார்த்து முடிவு செய்திருப்பார்கள்.

ஐஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெர்மாகோல் பெட்டி, மீன் எடைக்குச் சமமாக நொறுக்கிய ஐஸ், ஐஸ்-மீன்-ஐஸ் என்று அடுக்கு. பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டு, உருகிய தண்ணீர் வெளியேற வழி செய்யுங்கள். ரத்தம் கலந்த தண்ணீரில் மீன் மிதந்தால் ஐஸ் போட்டதற்கே அர்த்தமில்லை. பஸ்ஸில் ஓட்டைக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், முன் இருக்கைக்காரரின் செருப்பு நனைந்து நான் வாங்கிய பேச்சு போதும். குடல் எடுத்துவிட்டு ஐஸில் வைத்தால் இன்னும் நல்லது. வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மஞ்சளும் உப்பும் தடவி மூடி வைத்தால் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அதற்கு மேல் வேண்டும் என்றால் ஃபிரீசர். டப்பாவில் மீன் முங்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கட்டியாக உறையவைத்தால் சதை காய்ந்து போகாது. எடுக்கும்போது முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி வையுங்கள்.

இந்தச் சித்திரையில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். கரையிலேயே அடித்து, ரத்தம் வடித்து, முள் நறுக்கி, பாதியைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, மீதியைக் கொல்லையில் உட்கார்ந்து நானே கழுவினேன். கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். காக்கா இரண்டும் பூனை ஒன்றும் மேற்பார்வை. அப்பத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி, “கொண்டா பாப்போம்” என்று கையை நீட்டியது. ஒரு கெளுத்தியைக் கொடுத்தேன். மடியில் வைத்து, வாலிலிருந்து தலைக்கு, நாம் தேய்ப்பதற்கு எதிர்த்திசையில், விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனது. வழும்பு மிச்சமிருந்தால் அந்தத் திசையில்தான் தெரியும். செவுளோரம் வந்ததும் விரல் நின்றது.

“இந்தா, இங்க கொஞ்சம் இருக்கு.”

வாங்கிக்கொண்டு போய் மறுபடி உப்பைப் போட்டுத் தேய்த்து, அலசி, கொண்டுவந்து கொடுத்தேன். மறுபடி வாலிலிருந்து தலைவரை. இந்தத் தடவை விரல் எங்கும் நிற்கவில்லை. நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை. மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டது.

“புளியை ஊறப் போட்டியா?”